கூடை செய்த கம்பெனி வாங்கிய விளம்பர உலகம்: டபிள்யூபிபி நிகழ்வு ஆய்வு

ஒரு நாளிதழின் திருநெல்வேலிப் பதிப்பில் ஆடி மாதம் ஒரு பக்கத்தைப் பிரித்தால் மேலே பன்னாட்டு சோப்பு விளம்பரம் இருக்கும், கீழே டவுன் ரத வீதி ஜவுளிக்கடையின் தள்ளுபடி விளம்பரம் இருக்கும். அளவும் தாளும் மையும் ஒன்றுதான். விலைதான் வேறு. ஜவுளிக்கடைக்காரர் பத்திரிகையின் உள்ளூர் விளம்பரப் பிரிவோடு பேரம் பேசி, சீசன் சலுகை கேட்டு வாங்கி, செக் கொடுத்திருப்பார். சோப்பு விளம்பரத்துக்கான இடத்தை விளம்பர இடம் வாங்கிக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட மும்பை மீடியா ஏஜென்சி ஒன்று ஆண்டு ஒப்பந்தத்தில் எடுத்திருக்கும். அந்த ஏஜென்சியின் சொந்தக்காரர் பெரும்பாலும் லண்டன், நியூயார்க், பாரிஸ், டோக்கியோ என்ற நான்கு ஊர்களில் ஒன்றில் இருக்கும் ஒரு ஹோல்டிங் கம்பெனியாக இருப்பார்.

இந்த ஆய்வுக்கு அப்படிப்பட்ட ஹோல்டிங் கம்பெனிகளில் ஒன்றான லண்டன் டபிள்யூபிபியை எடுத்துக்கொள்கிறோம். நாற்பது வருடக் கணக்கு பொதுவெளியில் இருக்கிறது என்பது ஒரு காரணம். இந்தக் கம்பெனி எதனால் வளர்ந்ததோ அதனாலேயே இளைத்தது என்பது அதைவிடப் பெரிய காரணம். விளம்பரம் எழுதுவது இதன் தொழில் என்று நினைத்துக்கொண்டு படித்தால் ஒன்றும் புரியாது. விளம்பரம் எழுதுகிறவர்களின் கணக்குப் புத்தகத்தைக் கைக்குள் வைத்திருப்பதுதான் தொழில்.

அமைப்பு

விளம்பரத் துறையில் ஹோல்டிங் கம்பெனி முறையைத் தொடங்கியவர் மெக்கான்-எரிக்சன் ஏஜென்சியின் தலைவர் மேரியன் ஹார்ப்பர். 1961-இல் அவர் உருவாக்கியது இன்டர்பப்ளிக். அவருக்கு இருந்த சிக்கல் எளிமையானது. ஒரு ஏஜென்சி ஒரு கார் கம்பெனிக்கு வேலை செய்தால் இன்னொரு கார் கம்பெனி அந்த வாசலை மிதிக்காது. ஆகவே மேலே ஒரு முதலாளி, கீழே தனித்தனிப் பெயர்ப்பலகையோடு பல ஏஜென்சிகள், போட்டியாளர்களுக்கு ஆளுக்கொரு வாசல். லாபம் மட்டும் ஒரே பெட்டியில் விழும்.

திருநெல்வேலிச் சீமைக்கு இது முற்றிலும் புதிதல்ல. பாபநாசத்தில் 1885-இல் நூற்பாலை தொடங்கிய ஹார்வி சகோதரர்கள், தூத்துக்குடி, மதுரை ஆலைகளையும் ஏ. அண்டு எஃப். ஹார்வி என்ற மேனேஜிங் ஏஜென்சி வழியாகத்தான் நடத்தினார்கள். ஆலைகள் தனித்தனிக் கம்பெனிகள், பங்குதாரர்களும் தனி, நிர்வாகம் மட்டும் ஓரிடத்தில். இந்தியாவில் மேனேஜிங் ஏஜென்சி முறை 1970-இல் ஒழிந்தது. அதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். ஹார்வியின் சொத்து இயந்திரமும் கட்டடமும். விளம்பர ஹோல்டிங் கம்பெனிக்கு அப்படிப் பூட்டி வைக்க எதுவும் இல்லை. ஆட்களும், அவர்களை நம்பி வந்த வாடிக்கையாளர்களும்தான் சொத்து.

1985 முதல் 1992 வரை

1971-இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் தொடங்கிய ஒயர் அண்டு பிளாஸ்டிக் புராடக்ட்ஸ் (இதன் சுருக்கம்தான் டபிள்யூபிபி) கம்பிக் கூடைகள் செய்துகொண்டிருந்தது. சாட்சி அண்டு சாட்சி ஏஜென்சியின் நிதி இயக்குநராக இருந்த மார்ட்டின் சோரல் 1985-இல் இதில் பங்கு வாங்கினார். கூடை மீது ஆசை இல்லை. பங்குச் சந்தையில் ஏற்கெனவே பதிவான ஒரு சின்னக் கம்பெனி கையில் இருந்தால், அதன் பங்கைக் கொடுத்தும் அதன் பெயரில் கடன் எடுத்தும் வேறு கம்பெனிகளை வாங்கலாம். புதுக் கம்பெனி பதிந்து சந்தைக்கு வருவதைவிட இது குறுக்கு வழி.

1987-இல் ஜே. வால்டர் தாம்சன் சோரலின் கையில் விழுந்தது. 1864-இல் தொடங்கிய அமெரிக்க ஏஜென்சி, வாங்க வந்தவரைவிடப் பல மடங்கு பெரியது. எதிர்ப்பை மீறி வாங்கிய விலை 56.6 கோடி டாலர். தாம்சனுக்கு இந்தியாவிலும் வேர் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸின் விளம்பர வேலையைப் (துறையில் இதைத்தான் கணக்கு என்பார்கள்) பார்க்க 1929-இல் இங்கு வந்து, பிற்பாடு ஹிந்துஸ்தான் தாம்சன் ஆனது. அதன் சென்னைக் கிளையை நடத்திய ஆர்.கே. சுவாமி 1973-இல் வெளியே வந்து தன் பெயரிலேயே ஏஜென்சி தொடங்கினார்.

வாங்கிய பிறகுதான் தாம்சனின் டோக்கியோ அலுவலகக் கட்டடம் அதன் சொந்த இடம் என்பது வெளிச்சத்துக்கு வந்தது. விற்றதில் சுமார் 20 கோடி டாலர் கிடைத்தது. இதை அதிர்ஷ்டம் என்று சொல்லி நிறுத்துவது சரியல்ல. தாம்சன் நிர்வாகம் படைப்பைப் பார்த்த கண்ணால் தன் இருப்புநிலைக் குறிப்பைப் பார்க்கவில்லை. சோரல் அதைத்தான் முதலில் பார்த்தார்.

ஆனால் அடுத்த மார்ச்சிலேயே அடி விழுந்தது. தாம்சனோடு கூட வந்த லார்ட், கெல்லர், ஃபெடெரிகோ, ஐன்ஸ்டைன் என்ற நியூயார்க் ஏஜென்சியின் முக்கியப் பங்காளிகள் 1988-இல் விலகித் தனிக்கடை போட்டார்கள். ஐபிஎம் கணக்கால் பேர் பெற்ற ஏஜென்சி அது. டபிள்யூபிபி வழக்குப் போட்டது, ஆனால் கணக்கு கையில் நிற்கவில்லை. அதன் பிறகு இந்தத் துறையின் கொள்முதல் பத்திரங்களில் இரண்டு ஷரத்துகள் கறாராகப் பார்க்கப்படுகின்றன. விலகினால் இத்தனை காலம் போட்டித் தொழில் செய்யக் கூடாது என்பது ஒன்று. பழைய வாடிக்கையாளரையும் பழைய ஊழியரையும் அணுகக் கூடாது என்பது இரண்டாவது. இந்தியாவில் முதலாவது ஷரத்துக்கு நீதிமன்றத்தில் பெரிய பலம் இல்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, தொழிலைத் தடுக்கும் ஒப்பந்தங்களைச் செல்லாதவை என்கிறது. தொழிலை நற்பெயரோடு சேர்த்து விற்றவருக்கு மட்டும் நியாயமான எல்லைக்குள் விதிவிலக்கு உண்டு. சம்பளத்துக்கு இருப்பவரைக் கட்டிப்போட அது உதவாது.

1989-இல் ஓகில்வி. விலை சுமார் 86 கோடி டாலர். ஏஜென்சியைத் தொடங்கிய டேவிட் ஓகில்வி முதலில் கடுமையாக எதிர்த்தார், பிறகு டபிள்யூபிபியின் நிர்வாகப் பொறுப்பில்லாத தலைவர் பதவியை ஏற்றுக்கொண்டார். இந்தக் கொள்முதலுக்குக் கடனோடு, பின்னால் சாதாரணப் பங்காக மாற்றிக்கொள்ளக்கூடிய முன்னுரிமைப் பங்குகளும் வெளியிடப்பட்டன. 1990-இல் விளம்பரச் செலவு சுருங்கியது. ஏஜென்சியில் வருமானம் குறைந்தால் லாபம் அதே விகிதத்தில் குறையாது, பல மடங்கு குறையும். செலவில் பாதிக்கு மேல் சம்பளம். நூறு ரூபாய் வருமானத்தில் பத்து ரூபாய் லாபம் பார்த்தவருக்கு, செலவில் கை வைக்காமல் வருமானம் மட்டும் எட்டு குறைந்தால் மிஞ்சுவது இரண்டு. அந்த இரண்டில் வட்டி கட்ட முடியவில்லை. பங்கு விலை சரிந்து, வங்கிகளோடு மறுபேச்சு நடந்து, 1992-இல் கடனின் ஒரு பகுதி பங்காக மாற்றப்பட்டது. கம்பெனி பிழைத்தது, பழைய பங்குதாரர்களின் பங்கு கரைந்தது.

ஏஜென்சியை வாங்கும் விதம்

அதற்குப் பிறகு பெரிய கொள்முதல்களில் விலையின் ஒரு பகுதியாகவோ முழுதாகவோ பங்கே கொடுக்கப்பட்டது. 2000-இல் யங் அண்டு ரூபிகாம் (சுமார் 470 கோடி டாலர்), 2005-இல் கிரே, 2008-இல் டிஎன்எஸ் என்ற ஆய்வு நிறுவனம். நடுவில் 2001-இல் டெம்பஸ் என்ற மீடியா ஏஜென்சிக் குழுமத்தை வாங்கிய கதை மட்டும் சட்ட மாணவர்கள் இன்றும் படிப்பது. சுமார் 43 கோடி பவுண்டுக்கு விலை சொன்ன பிறகு செப்டம்பர் 11 தாக்குதல் நடந்தது. நிலைமை அடியோடு மாறிவிட்டது, விலகுகிறோம் என்றது டபிள்யூபிபி. கம்பெனிக் கொள்முதல்களை மேற்பார்க்கும் பிரிட்டனின் டேக்ஓவர் பேனல் ஒப்புக்கொள்ளவில்லை. பொதுப் பொருளாதாரச் சரிவு விலகக் காரணமாகாது, வாங்கும் நோக்கத்தையே அடிக்கிற அளவுக்குப் பாதிப்பு வேண்டும் என்றது. சொன்ன விலைக்கே வாங்க வேண்டி வந்தது.

நூற்றுக்கணக்கான சிறிய ஏஜென்சிகளை வாங்கியது வேறு முறையில். விலையில் ஒரு பகுதியை இன்றே கொடுத்து, மீதியைப் பின்னால் வரும் லாபத்தைப் பார்த்துக் கொடுப்பது. அதை ஏர்ன்-அவுட் என்பார்கள். வண்ணார்பேட்டையில் ஆண்டுக்கு 2 கோடி ரூபாய் லாபம் பார்க்கும் ஒரு ஏஜென்சி இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போடலாம். இன்று 60 சதவீதப் பங்கு விற்பனை. லாபத்தின் 5 மடங்கு மதிப்பு என்றால் 10 கோடி, அதில் 60 சதவீதம், 6 கோடி உடனே கைக்கு வரும். மீதி 40 சதவீதத்துக்கு நான்கு வருடம் கழித்து விலை. கடைசி இரண்டு வருடச் சராசரி லாபத்தைப் பெருக்க வேண்டும், பெருக்கும் எண் வளர்ச்சியைப் பொறுத்தது. வளர்ச்சி இல்லை என்றால் 4 மடங்கு, ஆண்டுக்கு 15 சதவீதம் என்றால் 8 மடங்கு என்று பத்திரத்தில் எழுதியிருப்பதாகக் கொள்வோம்.

லாபம் அதே 2 கோடியில் நின்றால் 2 × 4 × 40% = 3.2 கோடி. லாபம் வளர்ந்து கடைசி இரண்டு வருடம் 3 கோடி, 3.5 கோடி என்று வந்தால் 3.25 × 8 × 40% = 10.4 கோடி. இடைவெளி 7 கோடிக்கு மேல்.

இப்போது கடைசி வருடத்தில் அவர் இடத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். 10 லட்சம் சம்பளத்துக்கு ஒரு டிசைனர் தேவை. எடுக்காமல் விட்டால் லாபம் 10 லட்சம் கூடும், சராசரி 5 லட்சம் கூடும், கைக்கு வருவது 5 × 8 × 40% = 16 லட்சம். ஆள் எடுக்காததற்குப் பரிசு. அடுத்த வருட பில்லை மார்ச்சிலேயே போடுவது, வெண்டர் பில்லை ஏப்ரலுக்குத் தள்ளுவது, பயிற்சிச் செலவை நிறுத்துவது எல்லாம் இதே வகை. பணம் கைக்கு வந்த மறு வருடம் ஏஜென்சி சோர்வதும், முதலாளி விலகுவதும் ஏன் என்று வியக்க வேண்டியதில்லை.

ஹைதராபாத்

இந்த முறையின் மிக மோசமான முகம் தெரிந்தது நம் நாட்டிலேயே. 2011-இல் ஹைதராபாத்தில் உள்ள ஒரு ஏஜென்சியின் பெரும்பான்மைப் பங்கை டபிள்யூபிபி வாங்கியது. அதன் வருமானத்தில் பெரும்பகுதி தெலங்கானா, ஆந்திர அரசுகளின் செய்தி மக்கள் தொடர்புத் துறை விளம்பரங்களிலிருந்து வந்தது. விற்ற நிர்வாகியே ஏர்ன்-அவுட் இலக்கோடு தொடர்ந்து நடத்தினார். அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2021 செப்டம்பர் உத்தரவில் சொன்னதன் சாரம் இது: விளம்பர ஆர்டருக்காக அதிகாரிகளுக்கு லஞ்சம் போனது, பணம் மூன்றாம் நபர் வெண்டர் வழியாகக் கணக்கில் வராத நிதியாகச் சேர்ந்தது, இதைப் பற்றி ஏழு மொட்டைக் கடிதங்கள் தலைமைக்கு வந்தும் நடைமுறை நிற்கவில்லை. சீனா, பிரேசில், பெரு நாட்டு விவகாரங்களும் சேர்த்து டபிள்யூபிபி 1.9 கோடி டாலருக்கு மேல் கட்டியது. குற்றத்தை ஏற்காமலும் மறுக்காமலும் முடித்த தீர்வு அது.

ஏழு கடிதம் வந்தும் எப்படித் தப்பியது? வாங்கியவர் தன் கணக்காளரையும் தன் நடைமுறையையும் உள்ளே வைக்கவில்லை. இலக்கு எட்டப்பட்டதா என்று மட்டும் பார்த்தால், எப்படி எட்டப்பட்டது என்று கேட்கும் ஆள் இருக்க மாட்டார். ஒரே வாடிக்கையாளரை, அதுவும் அரசுத் துறையை, நம்பி நிற்கும் ஏஜென்சியில் வெண்டர் பில்லைச் சோதிக்க அடிப்படை வேலைகள் உண்டு. வெண்டரின் முகவரிக்கு நேரில் போக வேண்டும். ஜிஎஸ்டி பதிவை ஒப்பிட வேண்டும். வந்த விளம்பரத்தின் பிரதியையோ ஒலிபரப்புச் சான்றையோ பில்லோடு இணைத்துப் பார்க்க வேண்டும். விசாரணைக்கு ஆளாகிறவரிடமே வெண்டரின் போன் நம்பரை வாங்கி விசாரிப்பது விசாரணை ஆகாது.

பணம் ஓடும் பாதை

குழுமத்தின் உண்மையான இயந்திரம் மீடியா கொள்முதல். 1997-இல் தாம்சன், ஓகில்வி இரண்டின் மீடியா பிரிவுகளைச் சேர்த்து மைண்ட்ஷேர், 2003-இல் அதற்கும் மேலே குரூப்எம், 2025-இல் அதுவே டபிள்யூபிபி மீடியா. பல வாடிக்கையாளரின் பணத்தை ஒன்றுசேர்த்துப் பேசினால் ரேட் இறங்கும் என்பதுதான் அடிப்படை.

நம் ஊர்ப் பத்திரிகையின் ஒரு கால் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். 16 × 25 செ.மீ., அதாவது 400 சதுர செ.மீ. சதுர செ.மீ.க்கு ரேட் 300 ரூபாய் என்று வைத்தால் 1,20,000. இந்திய நாளிதழ்ச் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற ஏஜென்சிக்கு 15 சதவீதக் கமிஷன், 18,000. மீதி 1,02,000, அச்சு விளம்பர இடத்துக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம் 5,100, மொத்தம் 1,07,100 பத்திரிகைக்குப் போகும். ஏஜென்சி முகவராக நின்று வாங்கும் கமிஷனுக்குத் தனியாக 18 சதவீத வரி. பெரிய கம்பெனிகள் 15-ஐ ஏஜென்சியிடம் விட்டுவைப்பதில்லை. பெரும்பகுதியைத் திரும்ப வாங்கிக்கொண்டு இரண்டு மூன்று சதவீதமே கட்டணமாகக் கொடுக்கின்றன.

பிறகு ஏஜென்சிக்கு என்ன மிச்சம்? மூன்று வழிகள் இருக்கின்றன. ஆண்டுக் கொள்முதல் இவ்வளவு தாண்டினால் ஊடகம் குழுமத்துக்குத் தரும் வால்யூம் போனஸ் முதலாவது. இது பணமாகவும் வரும், இலவச இடமாகவும் நேரமாகவும் வரும். இரண்டாவது, குழுமமே தன் பெயரில் மொத்தமாக இடம் வாங்கி, வாங்கிய விலையைச் சொல்லாமல் வாடிக்கையாளருக்கு விற்பது. மூன்றாவது, பணம் கையில் நிற்கும் நாட்கள். அமெரிக்க விளம்பரதாரர் சங்கத்துக்காக கே2 என்ற புலனாய்வு நிறுவனம் 2016-இல் தந்த அறிக்கை, ஊடகங்கள் ஏஜென்சிகளுக்குத் திருப்பித் தரும், வெளியே சொல்லாத தள்ளுபடிகள் (ரிபேட்டுகள்) அங்கே பரவலாக இருப்பதாகச் சொன்னது. இந்தியாவில் 2025 மார்ச்சில் போட்டி ஆணையம் பெரிய மீடியா ஏஜென்சிகளின் அலுவலகங்களில் விலைக் கூட்டுச் சந்தேகத்தில் சோதனை நடத்தியது.

கையில் நிற்கும் பணத்தின் அளவை ஆண்டறிக்கையிலேயே பார்க்கலாம். 2024 டிசம்பர் 31 அன்று டபிள்யூபிபியின் நிகரக் கடன் சுமார் 170 கோடி பவுண்டு. அதே வருடத்தின் சராசரி சுமார் 350 கோடி. டிசம்பரில் வாடிக்கையாளர் பணம் வந்து குவிந்திருக்கும், ஊடகங்களுக்குப் போக வேண்டியது ஜனவரியில்தான் போகும். ஆண்டு இறுதித் தேதியை மட்டும் பார்த்துக் கடன் குறைவு என்று முடிவு கட்டுகிறவர் ஏமாறுவார். இதே அறிக்கையில் வருமானத்துக்கும் இரண்டு எண்கள் இருக்கும். 2024-இல் மொத்த வருமானம் சுமார் 1,470 கோடி பவுண்டு, பிறருக்குக் கடத்திவிடும் செலவைக் கழித்தால் சுமார் 1,140 கோடி. லாப விகிதத்தைக் கணக்கிட வேண்டியது இரண்டாவது எண்ணின் மேல்.

இளைத்தது எப்படி

2015-இல் சோரலின் சம்பளமும் பங்கும் சேர்ந்து 7 கோடி பவுண்டைத் தாண்டின. 2018 ஏப்ரலில், அவருடைய நடத்தை பற்றி நிர்வாகக் குழு விசாரணை நடத்திய நேரத்தில் விலகினார். குற்றச்சாட்டுகளை அவர் மறுத்தார். பதவி போன சில வாரங்களில் இன்னொரு பதிவுபெற்ற சின்னக் கம்பெனியைப் பிடித்து எஸ்4 கேப்பிட்டல் தொடங்கினார், பழைய வித்தையே.

அவர் போனது மட்டும் காரணமல்ல. கூகுள், மெட்டா விளம்பர இடம் ஏலத்தில் போகிறது. பத்திரிகையிடம் பேசுவது போல மொத்தக் கொள்முதலைக் காட்டி அங்கே ரேட்டை இறக்க முடியாது. மேலப்பாளையத்துப் பிரியாணிக் கடை ஒரு நாளைக்கு 300 ரூபாய் வைத்து ஐந்து கிலோமீட்டர் வட்டத்துக்கு ஏலம் கேட்கும் அதே கவுண்டரில்தான் பன்னாட்டுக் கம்பெனியும் நிற்கிறது. மீடியா கொள்முதலின் எடை குறைந்ததும், பல பெயர்ப்பலகைகளைத் தாங்கும் செலவு உறுத்தத் தொடங்கியது. 2018-இல் ஃபோர்டு தன் முதன்மைக் கணக்கைப் போட்டிக் குழுமமான ஆம்னிகாமின் பிபிடிஓ ஏஜென்சிக்கு மாற்றியது. அதே வருடம் தாம்சனைக் குழுமத்தின் இன்னொரு ஏஜென்சியான வுண்டர்மேனோடு சேர்த்தார்கள். 2023-இல் அதையும் இன்னொன்றோடு சேர்த்து விஎம்எல் என்றார்கள். ஒன்றரை நூற்றாண்டுப் பெயர் அத்தோடு போயிற்று. ஆய்வுப் பிரிவான கான்டாரில் 60 சதவீதத்தை 2019-இல் பெயின் கேப்பிட்டலுக்கு விற்றுக் கடனைக் குறைத்தார்கள்.

2024 நிகர வருமானத்தில் பாரிஸின் பப்ளிசிஸ் முந்தியது. 2025 ஜூலையில் லாப எச்சரிக்கை, செப்டம்பரில் புதிய தலைமை அதிகாரியாக சிண்டி ரோஸ், டிசம்பரில் லண்டன் சந்தையின் முதல் நூறு கம்பெனிகள் பட்டியலிலிருந்து வெளியேற்றம். நவம்பரில் ஆம்னிகாம் இன்டர்பப்ளிக்கையே விழுங்கியது. ஹார்ப்பர் 1961-இல் போட்ட முதல் ஹோல்டிங் கம்பெனி இன்று தனியாக இல்லை.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

திருநெல்வேலியிலிருந்து ஏஜென்சி வழியாக விளம்பரம் போடும் ஜவுளி, நகை, மருத்துவமனை நிர்வாகங்களுக்கு இந்த வரலாற்றிலிருந்து நேரடியாக உதவும் ஷரத்துகள் சில உண்டு. ரிபேட், வால்யூம் போனஸ், இலவச இடம் எதுவானாலும், அது ஏஜென்சியின் பெயரில் வந்தாலும் அதன் தாய்க் கம்பெனியின் பெயரில் வந்தாலும், நம் செலவின் விகிதத்துக்கு நமக்குச் சேர வேண்டும் என்று எழுத வேண்டும். "ஏஜென்சி" என்று மட்டும் எழுதிவிட்டால் தாய்க் கம்பெனி வாங்கியது கணக்கில் வராது. ஊடகத்தின் அசல் பில்லைப் பார்க்கும் தணிக்கை உரிமை ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஓரிரு வருடம் தொடர வேண்டும். ஏஜென்சி முகவராக வாங்குகிறதா, தானே வாங்கி விற்கிறதா என்பதை ஒவ்வொரு ஆர்.ஓ.விலும் (விளம்பரம் வெளியிடச் சொல்லும் ரிலீஸ் ஆர்டர்) குறிக்கச் சொல்ல வேண்டும், ஜிஎஸ்டி விகிதமும் அதைப் பொறுத்தே நிற்கிறது. மெட்டா, கூகுள் விளம்பரக் கணக்கு கடையின் பெயரிலும் கடையின் கார்டிலும் திறக்கப்பட்டு, ஏஜென்சிக்கு நிர்வாக அனுமதி மட்டும் தரப்பட வேண்டும். ஏஜென்சியின் கணக்கில் ஓடவிட்டால், பிரியும் நாளில் வாடிக்கையாளர் பட்டியலும் பழைய முடிவுகளும் அவர்களோடு போய்விடும்.